கும்பார்வாடா: பொதுச் சூளையின் வரலாறு

பம்பாய் மாநகரின் வரலாற்றை எழுதுவோர் துறைமுகத்தையும் பஞ்சாலைகளையும் இருப்புப்பாதையையும் பற்றி விரிவாக எழுதுவர். அந்நகருக்குத் தண்ணீர்ப் பானையும் அகல்விளக்கும் வனைந்து தந்தவர்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. நம் காலனியில் கார்த்திகைக்கு அகல் வாங்காத தமிழ்க் குடும்பம் அரிது. பொங்கலுக்கு மண்பானை தேடி அலையும் தாய்மார்களும் பலர். ஆயினும் அவற்றை வனைந்த கைகள் எந்நாட்டிலிருந்து வந்தவை, எவ்வாறு வாழ்பவை என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? தாராவியிலுள்ள கும்பார்வாடா என்னும் குயவர் குடியிருப்பின் கதையைச் சுருங்கக் கூற இங்கு முற்படுகிறோம்.

கும்பார் என்றால் குயவர். வாடா என்றால் குடியிருப்பு. இங்குள்ளோரிற் பெரும்பாலோர் குசராத்தின் சௌராட்டிரப் பகுதியிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். தம்மைப் பிரஜாபதி என்று அழைத்துக் கொள்வர். அது படைப்புக் கடவுளின் பெயர். மண்ணைப் பிசைந்து வடிவம் கொடுப்பவனுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு எது? நம் நாட்டிலும் வேட்கோவர் என்று பெருமையாக அழைக்கப்பட்ட மரபே இது. நாயன்மாருள் ஒருவராகிய திருநீலகண்டர் அம்மரபினர் என்பதை யாவரும் அறிவோம்.

சௌராட்டிரம் மழை குறைந்த நாடு. மழை பொய்த்தால் வேளாண்மை மட்டுமா கெடும்? உழவனிடம் தானியம் இல்லையேல் குயவனிடம் பானை வாங்குவோரும் இல்லை. ஆதலின் 19 ஆம் நூற்றாண்டில் பஞ்சங்கள் வருத்தியபோது குயவர் பலர் வளர்ந்துவரும் பம்பாயை நாடினர். 1899–1900 இல் நேர்ந்த பெரும்பஞ்சத்தை, விக்கிரம ஆண்டு 1956 இல் வந்தமையால், 'சப்பனியா' என்றே குசராத்தியர் இன்றும் குறிப்பிடுகின்றனர்.

தென்பம்பாயில் இன்றும் கும்பார்வாடா என்றொரு பகுதி உண்டு. பெயர் மட்டும் அங்கே நிற்கிறது; சக்கரங்கள் இல்லை. நகரம் பெருகப் பெருக, புகையும் நாற்றமும் எழுப்பும் தொழில்களை வடக்கு நோக்கித் தள்ளுவது வழக்கமாயிற்று. 1896 இல் பிளேக் நோய் பரவியதும், 1898 இல் நகர மேம்பாட்டு அமைப்பு தோன்றியதும் இப்போக்கை விரைவுபடுத்தின. குயவர்களும் ஒருமுறைக்கு மேல் இடம் பெயர்ந்து, 1930களில் தாராவியின் சதுப்பு நிலத்தில் குடியேறினர். மேற்கே மாகிம், கிழக்கே சயான், வடக்கே கழிமுகம் என்ற அவ்விடம் அக்காலத்தில் நகரத்தின் விளிம்பு. இன்றோ அது மாநகரின் நடு மையமாகிவிட்டது.

இனி அவர்தம் அன்றாட வாழ்வைக் காண்போம். தாராவியின் 90 அடிச் சாலையோரம் கடைகளில் பானைகள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் பின்னே நுழைந்தால் குறுகலான சந்துகள், இருபுறமும் வீடுகள், நடுவே திறந்த வெளியில் செங்கல்லால் கட்டிய சூளைகள். வீட்டின் ஒரு பகுதியில் அடுப்பு எரியும். மறுபகுதியில் சக்கரம் சுழலும். குசராத்திலிருந்து சரக்கு வண்டிகளில் வரும் களிமண்ணை ஊறவைத்து, கல் நீக்கி, காலால் மிதித்துப் பதமாக்குவர். வனைவது பெரும்பாலும் ஆடவர் தொழில். மண்ணைப் பதப்படுத்தல், பச்சைக் கலங்களை வெயிலில் உலர்த்தல், வண்ணம் தீட்டல், சூளைக்குச் சுமத்தல் ஆகியன பெண்டிர் கையில். எனவே கணவன் வனைந்த பானையில் மனைவியின் உழைப்பு பாதிக்குக் குறையாது. கையால் சுழற்றிய சக்கரம் போய் மின்சாரச் சக்கரம் வந்துவிட்டது. விரல்களின் வேலை மாறவில்லை.

இக்குடியிருப்பின் உயிர்நிலை சூளைதான். ஒவ்வொரு சூளையும் சில குடும்பங்களுக்குப் பொது. முறைவைத்துக் கலங்களை அடுக்கி, பஞ்சுக் கழிவும் கந்தல் துணியும் மரத்தூளும் எரித்து, மேலே உடைந்த ஓடுகளால் மூடுவர். ஏறக்குறைய 600 பாகை வெப்பத்தைக் கடந்த பின்னரே களிமண் மீண்டும் நீரில் கரையாத கலமாகிறது. அதற்குமுன் நெருப்பு தணிந்தால் பல நாள் உழைப்பு வீண். ஆதலால் அடுத்த வீட்டானோடு பகை கொண்டு இங்கே தொழில் செய்ய இயலாது.

தொழிலுக்குப் பருவம் உண்டு. கோடையில் தண்ணீர்ப் பானை; அதன் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. நவராத்திரிக்குத் துளையிட்ட கர்பாக் குடம், தீபாவளிக்கு அகல், சங்கராந்திக்குச் சிறு கலங்கள், அதே நாளில் அண்டை வீட்டுத் தமிழருக்குப் பொங்கற்பானை. சூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை. பச்சைக் கலம் உலராது, சூளையும் ஓய்ந்திருக்கும், கையிருப்பும் கரையும்.

அண்டை வீட்டுத் தமிழர் என்றோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நம்மவர் பலர் தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்தனர். அத்தொழிலகங்கள் பின்னாளில் பெரும்பாலும் நகருக்கு வெளியே அகற்றப்பட்டன. தோற்பொருள் செய்யும் பட்டறைகளே எஞ்சின. மக்கள் அங்கேயே இருந்தனர். தந்தையின் தொழில் மட்டும் மகனுக்கு இல்லாமற் போயிற்று.

குயவர்களுக்கும் இன்று அதே கேள்வி எழுந்துள்ளது. 2004 இல் மாநில அரசு தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை மேற்கொண்டது. 2022 இல் அதற்கான ஒப்பந்தப் புள்ளி முடிவாயிற்று. அடுக்கு மாளிகையில் வீடு, குழாய்நீர், தனிக் கழிப்பறை ஆகியவை வேண்டாம் என்பார் யார்? சூளைப்புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுப்பதும் மெய்யே. அப்புகையை முதலில் உண்பவர் குயவரின் மனைவி மக்களே. ஆனால் ஏழாம் மாடியில் களிமண்ணை எங்கே மிதிப்பது? பானையை எங்கே உலர்த்துவது? பொதுச் சூளையை எங்கே மூட்டுவது? வீட்டை மட்டும் அளந்து கொடுத்து முற்றத்தை மறந்தால், தென்பம்பாயில் நேர்ந்ததுபோல இங்கும் பெயர் மட்டுமே மிஞ்சும். புகை குறைந்த சூளையும் அதை வைக்கப் பொதுவெளியும் திட்டத்தில் இடம்பெறுதலே நேரிய வழி என்பது நம் கருத்து.

நாமும் பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களே. நமக்குச் சங்கம் எப்படியோ அவர்களுக்குச் சூளை அப்படி. பம்பாய் செல்லும் அன்பர்கள் தம் மக்களை ஒருநாள் கும்பார்வாடாவுக்கு அழைத்துச் செல்க. பேரம் பேசாமல் நான்கு அகல் வாங்குக. வனைபவர் கைகளைப் பிள்ளைகள் சற்றுநேரம் நின்று பார்க்கட்டும்.