நாலு சேனல் விமானமும் எண்பது வருஷ வரலாறும்

ஆபீஸில் ஆணி பிடுங்கிய நேரம் போக, கடந்த மூணு மாசமா நான் உருப்படியா செய்தது ஒண்ணே ஒண்ணுதான். முதல் ரேடியோ கன்ட்ரோல் விமானமா எதை வாங்கலாம்னு படிச்சது. (உருப்படியான்னு தங்கமணி கேட்டா வேற பதில் வரும்!)

ஆளுக்கொரு அறிவுரை சொல்றாங்க. "முதல்ல மூணு சேனல், அப்புறம்தான் நாலு" என்கிறார் ஒரு பெரியவர். "நேரா நாலு சேனலுக்குப் போ, இல்லேன்னா ரெண்டு தடவை காசு செலவு" என்கிறார் அவர் பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு பெரியவர். பால்சா மரத்தில் நீயே கட்டணும் என்கிறது ஒரு கோஷ்டி. ஃபோம்தான் சரி என்கிறது அடுத்தது. விமானத்தைத் தானே நிமிர்த்தும் கைரோ வச்சது வாங்குன்னு ஒருத்தர் சொன்னா, அது திருட்டு ஆட்டம்னு இன்னொருத்தர் சண்டைக்கு வர்றார்.

எல்லாரும் விஷயம் தெரிஞ்சவங்க. அப்புறம் ஏன் இத்தனை முரண்பாடு? பொட்டி தட்டுற புத்தி சும்மா இருக்குமா? பழைய கோட்ல புரியாத ஒரு வரி இருந்தா, அதை யார் எப்போ எதுக்கு எழுதினான்னு பார்ப்போமில்லையா, அதே மாதிரி இந்த அறிவுரைகளையும் தோண்டிப் பார்த்தேன். ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு காலத்துப் பிரச்சினைக்குக் கிடைச்ச விடை. சில பிரச்சினைகள் செத்துப் போச்சு, விடை மட்டும் உசுரோட இருக்கு.

முதல்ல சேனல்னா என்னன்னு சொல்லிடறேன். விமானத்தில் நீங்க தனியா கட்டுப்படுத்துற விஷயம் ஒவ்வொண்ணும் ஒரு சேனல். மோட்டார் வேகத்துக்கு த்ராட்டில். மூக்கை மேலே கீழே ஆட்ட எலிவேட்டர். மூக்கை இடம் வலம் திருப்ப, வாலில் நிற்கிற ரட்டர். ஒரு ரெக்கையைத் தாழ்த்தி இன்னொண்ணைத் தூக்கிச் சாய்க்க எய்லரான். ஆக நாலு. நிஜ விமானத்தின் அடிப்படைக் கட்டுப்பாடுகளும் இதேதான்.

இப்போ 1937க்குப் போவோம். நான் வேலை பார்க்கிற இந்த டெட்ராய்ட்லதான் அந்த வருஷம் அமெரிக்க மாடல் விமான தேசியப் போட்டி நடந்தது. அதில் முதல் தடவையா ரேடியோ கன்ட்ரோல் பிரிவும் இருந்தது. ஜெயிச்சவர் செஸ்டர் லான்சோ. ஆனா அந்தக் காலத்தில் இருந்து இன்னிக்கும் பேசப்படுற விமானம் வேற ஒண்ணு. இதே மிச்சிகன் மாநிலத்தில் கலாமசூ என்ற ஊரைச் சேர்ந்த இரட்டையர்கள் வால்டர் குட், வில்லியம் குட் கட்டிய 'கஃப்'. ஒருத்தருக்கு மாடல் விமானப் பைத்தியம், இன்னொருத்தருக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். ரெண்டு பைத்தியமும் ஒரே வீட்டில் இருந்தா வேற என்ன நடக்கும்? 8 அடி ரெக்கையோட ஒரு விமானம் பிறந்தது. 1960ல் அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துட்டாங்க.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கால ரேடியோ விமானம் எல்லாம் அடிப்படையில் தானா பறக்கிற மாடல். எந்தக் கட்டுப்பாடும் இல்லாம காத்துல விட்டா, அதுபாட்டுக்குச் சமநிலையில் பறக்கணும்னு கட்டினது. ரெண்டு ரெக்கையும் நுனி மேல்நோக்கி லேசா வி மாதிரி தூக்கியிருக்கும். இதுக்கு டைஹெட்ரல்னு பேர். ஒரு பக்கம் சாய்ஞ்சா விமானம் அந்தப் பக்கமா வழுக்கும். வழுக்கும்போது தாழ்ந்த ரெக்கைக்கு அதிகத் தூக்கு விசை கிடைக்கும். விமானம் தானா நிமிரும். ரேடியோ வேலை, போற வழியில் லேசா ஒரு தட்டு தட்டுறது மட்டும்தான்.

போருக்கப்புறம் பல வருஷம் சாமானியன் கைக்கு எட்டியது ஒத்தை சேனல்தான். பட்டனை அமுக்கினா, விமானத்துக்குள்ள முறுக்கி வச்ச ரப்பர் பேண்ட் ஒரு படி அவிழ்ந்து ரட்டரை முழுசா வலது பக்கம் தள்ளும். அடுத்த அமுக்கலுக்கு இடது. பாதி வலதுங்கற பேச்சே கிடையாது. கடைசியா எந்தப் பக்கம் திருப்பினோம்னு மனசுல கணக்கு வச்சுக்கணும். மறந்தா அம்பேல்.

அதுக்கப்புறம் 1950களில் ரீட் வந்தது. ஹார்மோனியத்துக்குள்ள இருக்கிற மாதிரி வெவ்வேறு நீள உலோகத் தகடுகள். டிரான்ஸ்மிட்டர் ஒரு சுருதியை அனுப்பினா, அந்தச் சுருதிக்கான தகடு மட்டும் அதிர்ந்து ஒரு ஸ்விட்சைப் போடும். ஒரு தகடு ஒரு சேனல். ஆனா வலதுக்கு ஒண்ணு, இடதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வேணும். அதனால அன்னிக்கு 10 சேனல் ரேடியோன்னா அஞ்சு கட்டுப்பாடுதான். நாம இன்னிக்கு நாலு சேனல்னு சொல்றதுக்கு அன்னிக்கு எட்டு தேவைப்பட்டிருக்கும்!

பெரிய திருப்பம் 1960களின் ஆரம்பத்தில். டக் ஸ்ப்ரெங், டான் மேத்திஸ் ரெண்டு பேரும் உருவாக்கிய 'டிஜிகான்' மாதிரியான டிஜிட்டல் புரொபோர்ஷனல் ரேடியோக்கள் வந்தன. குச்சியைக் கால்வாசி நகர்த்தினா ரட்டரும் கால்வாசி நகரும். ஒரே அலைவரிசையில் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் ஒரு துடிப்பு, வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு. துடிப்போட நீளம் ஏறக்குறைய 1 மில்லி செகண்டில் இருந்து 2 மில்லி செகண்ட் வரை. நடுவில் 1.5. முழு வரிசையும் நொடிக்குக் கிட்டத்தட்ட 50 தடவை. காலேஜில் டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங் படிச்ச மக்களுக்கு இப்போ பல்பு எரிஞ்சிருக்கும். இன்னிக்கு நம்ம ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்குற சின்ன சர்வோ மோட்டாரும் அதே 1.5 மில்லி செகண்டைத்தான் நடுநிலையா எடுத்துக்குது.

1967 உலக சாம்பியனான ஃபில் கிராஃப்ட் நடத்திய கம்பெனி மாதிரியான இடங்களில் இருந்து இந்த ரேடியோக்கள் சந்தைக்கு வந்தன. விலை சில நூறு டாலர், அன்னிக்கு அது பெரிய காசு. நாலு கட்டுப்பாடும் இருந்தா அதை 'ஃபுல் ஹவுஸ்'னு பெருமையா சொல்வாங்களாம். ஆக, மூணு முதல்ல நாலு அப்புறம் என்ற அறிவுரைக்கு முதல் காரணம் பர்ஸ்.

ரெண்டாவது காரணம் இன்னும் சுவாரசியம். ஒத்தை சேனல் காலத்து டைஹெட்ரல் ரெக்கையைப் பயிற்சி விமானங்கள் விடவே இல்லை. அயோவா மாநிலம் மான்டெசூமாவில் இருந்து வந்த சிக் கம்பெனியின் கெடெட் சீனியரைப் பாருங்க. ஏறக்குறைய 2 மீட்டர் ரெக்கை, ஆனா வடிவமைச்சபடி எய்லரானே கிடையாது. ரட்டரை ஆட்டினாலே டைஹெட்ரல் தயவில் சாய்ஞ்சு திரும்பும். குச்சியை விட்டா நிமிரும். பின்னாடி அதே கம்பெனி கொண்டுவந்த கெடெட் எல்டி-40யில் 70 அங்குல ரெக்கை, எய்லரான் உண்டு, டைஹெட்ரலும் கொஞ்சம் உண்டு. தாத்தாவோட குணமும் பேரனோட படிப்பும் ஒண்ணா சேர்ந்த மாதிரி.

பெயரில் இருக்கிற 40, இன்ஜின் அளவு. 0.40 கன அங்குலம், நம்ம கணக்கில் சுமார் 6.5 சிசி. மெத்தனால், நைட்ரோமீத்தேன், விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள். (ஆமாங்க, நம்ம விளக்கெண்ணெய்யேதான்.) இந்த 40 சைஸ் பால்சா விமானங்கள்தான் பல வருஷம் ஆரம்பப் பாடம். கட்டி முடிக்க வாரக்கணக்கு, சில பேருக்கு மாசக்கணக்கு ஆகும். உடையறதுக்கு ஒரு நொடி. அதனாலதான் "குரு இல்லாம தொடாதே" என்ற விதி. குரு கையில் ஒரு டிரான்ஸ்மிட்டர், சிஷ்யன் கையில் ஒண்ணு, நடுவில் ஒரு வயர். ஆபத்துன்னா குரு ஸ்விட்சை விட்டதும் விமானம் அவர் கைக்கு வந்துடும்.

இன்னொரு பயமும் இருந்தது. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் உங்க சேனல் எண்ணிலேயே இன்னொருத்தர் டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணிட்டா உங்க விமானம் காலி. அதுக்காக மைதானத்தில் ஒரு பலகை, அதில் சேனல் எண் எழுதின துணி கிளிப். கிளிப் கையில் இருக்கிறவர் மட்டும்தான் ரேடியோவை ஆன் பண்ணலாம். 2005ல் ஸ்பெக்ட்ரம் டிஎக்ஸ்6 வந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பரவ ஆரம்பிச்சதும் அந்தக் கிளிப்புக்கு வேலை போச்சு.

அதே காலத்தில் லித்தியம் பாலிமர் பேட்டரி, பிரஷ்லெஸ் மோட்டார், தெர்மாகோலோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரியான ஈபிஓ ஃபோம் மூணும் சேர்ந்தன. மூக்கு உடைஞ்சா ஃபெவிக்விக் மாதிரிப் பசை போட்டு அன்னிக்கே பறக்கலாம். (சாதா தெர்மாகோலில் அந்தப் பசையை ஊத்திடாதீங்க, கரைஞ்சிடும்.) 2013ல் ஹொரைசன் ஹாபியின் அப்ரெண்டிஸ் எஸ், 1.5 மீட்டர் ரெக்கையோட, சாய்வைக் கட்டுப்படுத்துற மின்னணு மூளையோட வந்தது. ஆரம்ப நிலை, நடுநிலை, தேர்ந்தவர் நிலைன்னு மூணு படி. பயந்து போனா அமுக்க ஒரு பட்டன், விமானம் தானா நேராகிடும்.

ரேடியோ, விலை, உடைசல், அலைவரிசைச் சண்டை எல்லாம் தீர்ந்தாச்சு. மிச்சம் என்ன?

ஒண்ணே ஒண்ணு. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது உங்க வலதும் அதோட வலதும் ஒண்ணு. திரும்பி உங்களை நோக்கி வரும்போது ரெண்டும் தலைகீழ். 1937ல் இருந்த இதே பிரச்சினை இன்னிக்கும் அப்படியே இருக்கு. ஆபீஸ் நண்பன் ஒருத்தன் முதல் விமானமா அழகான மஸ்டாங் போர் விமானம் வாங்கினான். சம்பளத்தில் மூணு மாசம் ஒதுக்கி வச்ச காசு. மேலே போச்சு, திரும்பிச்சு, இவனை நோக்கி வந்துச்சு. எதிர்ப் பக்கம் குச்சியைத் தள்ளினான். அத்தோட சரி. பையில் அள்ளிப் போட்டுட்டுப் போனவன் அதுக்கப்புறம் மைதானம் பக்கமே வரலை. நல்ல ஆர்வம் உள்ள பய. ஒரு தப்பான தேர்வு, ஒரு பொழுதுபோக்கே போச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. நொடிக்கு 25 மீட்டர் போற விமானத்தில் ரெண்டு நொடி குழம்பினா 50 மீட்டர் போயிடும். நொடிக்கு 10 மீட்டர்னா 20 மீட்டர்தான். போர் விமான மாடலில் வேகம் குறைஞ்சா ஒரு ரெக்கை சட்டுன்னு விழும். பயிற்சி விமானத்தில் மூக்கு மெதுவா தாழும், அவ்வளவுதான். வர்ஜினியஸ் கிளார்க் 1922ல் வடிவமைச்ச கிளார்க் ஒய் மாதிரி, அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டையான ரெக்கையைப் பயிற்சி விமானத்துக்கு வைக்கிறது மெதுவா, அடக்கமா பறக்கத்தான். உயரத்தில் ரெக்கை, டைஹெட்ரல், தட்டை அடிப்பாகம், குருவோட வயர், கடைசியா அந்த மின்னணு மூளை, எல்லாமே கத்துக்கிறவனுக்கு யோசிக்க ரெண்டு நொடி கூடுதலா வாங்கிக் கொடுக்கிற வேலையைத்தான் செய்யுது.

அதனால கைரோ திருட்டு ஆட்டம்னு சொல்றவங்களோட என்னால ஒத்துப்போக முடியலை. குட் சகோதரர்கள் காலத்து விமானமும் தானா நிமிர்ந்ததுதான். அன்னிக்கு மரத்தை வளைச்சு செஞ்சதை இன்னிக்கு சிப் செய்யுது. ஆனா ஒரு வித்தியாசம். டைஹெட்ரலை அணைக்க முடியாது, சிப்பை அணைக்கலாம். அணைக்க முடியாத சிப் இருக்கிற விமானத்தை வாங்காதீங்க. அணைக்க முடிஞ்சும் அணைக்காமலேயே பறந்தா, விரல் எதையும் கத்துக்காது.

மூணா நாலா என்ற சண்டைக்கு என் முடிவு: நாலு. மூணு சேனல் விமானத்தில் ரட்டரை வழக்கமா வலது குச்சிக்கு, அதாவது இங்கே அமெரிக்காவில் எல்லாரும் பயன்படுத்துற மோட் 2 அமைப்பில் எய்லரான் இருக்கிற இடத்துக்கு மாத்திடுவாங்க. அதனால அதில் பழகினவன் நாலுக்கு வந்தா வலது கை தடுமாறாது. ஆனா இடது கை ரட்டர்னா என்னன்னே தெரியாம வளரும். தரையில் ஓடும்போதும் பக்கக் காத்தில் இறங்கும்போதும் அதுதான் வேணும்.

நான் பார்த்து வச்சிருக்கிறது: உயர ரெக்கை, லேசான டைஹெட்ரல், 1.2 முதல் 1.5 மீட்டர், ஈபிஓ ஃபோம், முன்னாடி ஒரு சக்கரம் பின்னாடி ரெண்டு, அணைக்கக்கூடிய கைரோ, ரெக்கையும் வாலும் தனியா உதிரியா கிடைக்கணும். அமெரிக்காவில் 250 கிராமுக்கு மேல எடை இருந்தா அரசிடம் பதிவு பண்ணணும், ட்ரஸ்ட் என்ற இலவசத் தேர்வும் எழுதணும். ரெண்டையும் முடிச்சாச்சு.

தலைகீழ் பிரச்சினைக்குக் கிளப் பெரியவங்க சொல்லிக் கொடுத்த பழைய உபாயம் ஒண்ணு இருக்கு. விமானம் உங்களை நோக்கி வரும்போது வலது இடதுன்னு யோசிக்காதீங்க. எந்த ரெக்கை தாழ்ந்து தெரியுதோ, அந்தப் பக்கம் குச்சியை நகர்த்துங்க. சாயற வாழைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. சிமுலேட்டரில் தினம் அரை மணி நேரம் இதைத்தான் பண்ணிட்டிருக்கேன். விரல் கொஞ்சம் கொஞ்சமா கேட்க ஆரம்பிச்சிருக்கு.

டிஸ்கி: உங்கள்ல யாராவது ஏற்கனவே பறக்க விடுறவங்க இருந்தா, முதல் விமானம் எது, எத்தனை நாள் உசுரோட இருந்ததுன்னு பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க மக்கா. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி படிச்சுக்கறேன்.