பேசத் தெரியாத வலி

கைக்குழந்தைக்கு ஊசி குத்தினால் வலிக்குமா? எந்த உம்மாவிடம் கேட்டாலும் இக்கேள்வியே வீண் என்பார். ஆனால், மருத்துவ உலகம் இதற்கு உறுதியான விடை காண 1987வரை காத்திருந்தது என்பது வியப்புக்குரிய வரலாறு.

வலியின் ஆராய்ச்சி புதியதன்று. புகாராவுக்கு அருகே 980இல் பிறந்த மருத்துவ மேதை இப்னு ஸீனா, தமது ‘அல்கானூன்’ நூலில் வலியை 15 வகைகளாகப் பிரித்து விளக்கினார். குத்தும் வலியா, அழுத்தும் வலியா என்பதை நோயாளி சொல்லலாம். சொல்லத் தெரியாத சிசு என்ன செய்யும்?

1941இல் அமெரிக்க ஆய்வாளர் மிர்ட்டில் மெக்ரா, பச்சிளம் குழந்தைகளை ஊசியால் குத்தி அவர்களின் அசைவுகளைக் குறித்தார். பிறந்த சில நாட்களில் அவை மந்தமாக இருந்தமைக்கு மூளையின் முதிராமையே காரணம் எனக் கருதினார். சிசுக்களுக்கு வலியுணர்வு குறைவு என்னும் எண்ணத்துக்கு இத்தகைய ஆய்வுகள் துணைநின்றன. அபினி இன மருந்துகள் மூச்சை மந்தப்படுத்தும் என்ற அச்சமும் உடன் சேர்ந்தது.

1987இல் ஆக்ஸ்போர்டில் டாக்டர் ஆனந்தும் அவர்தம் குழுவினரும் செய்த ஆய்வு ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. குறைமாதச் சிசுக்களுக்கு இதயத்தருகே உள்ள இரத்தக் குழாயை மூடும் அறுவையின்போது, ஒரு சாராருக்கு மட்டும் ஃபெண்டனில் என்னும் வலிநீக்கி கூடுதலாகத் தரப்பட்டது. அதனைப் பெறாத சிசுக்களின் உடலில் அதிர்ச்சியைக் காட்டும் ஹார்மோன்கள் பெருகின. பின்னர்ச் சிக்கல்களும் மிகுந்தன. வாய் சொல்லாததை உடல் சொல்லிவிட்டது.

இவ்வுண்மை மூச்சு நோயுற்ற குழந்தைக்கும் பொருந்தும். நிமோனியாவில் நுரையீரலின் உறை அழன்றால் ஒவ்வொரு மூச்சும் விலாவில் குத்தும். வலிக்கு அஞ்சிய குழந்தை ஆழ்ந்து மூச்சிழுக்காது, இருமவும் தயங்கும், சளி உள்ளேயே தங்கிவிடும். ஆகவே, வலி தணிப்பது மூச்சுக்கும் செய்யும் உதவியாகும். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், கடும் வலிக்குக் கண்காணிப்புடன் மார்ஃபின் என்பது இன்றைய முறை.

பழைய அச்சம் முற்றிலும் பொய்யன்று. கோடீன் என்னும் மருந்து சில குழந்தைகளின் உடலில் விரைந்து மார்ஃபினாக மாறி மூச்சை அடக்கியது. எனவே, 12 வயதுக்குட்பட்டோருக்கு அதனைத் தரலாகாதென அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இல் அறிவித்தது. மருந்தைத் தேர்வதில் எச்சரிக்கை வேண்டும். வலியை மறுப்பது எச்சரிக்கையாகாது.

குழந்தை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மருத்துவமனைக் கட்டிலில் அது அழும்போது அதட்டி அடக்காமல், எப்போது அழுகிறது, எங்கே தொட்டால் துடிக்கிறது என்று கவனித்து மருத்துவரிடம் எடுத்துரைப்போம். பேசத் தெரியாத அந்தப் பிள்ளைக்கு நம்மையன்றி வேறு நா ஏது?