சராசரிக்குள் மறைந்தவர்கள்: சிங்கப்பூரில் தமிழர், மலாய்க்காரர் வாழ்நிலை ஒப்பீடு

முன்னுரை

சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்கள் வேலையிலிருந்து ஈட்டும் இடைநிலை மாத வருமானம் 5,370 வெள்ளி. சீனக் குடும்பங்களுக்கு அது 5,100 வெள்ளி, மலாய்க் குடும்பங்களுக்கு 3,844 வெள்ளி. இம்மூன்று இனங்களில் இந்தியர் முதலிடத்துக்கு வந்துவிட்டனர் என்று பலர் மகிழ்ந்தனர்.

அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன், 1991 செப்டம்பரில், நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்ற கவலையில் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. மலாய்ச் சமூகம் அதே கவலையோடு மெண்டாக்கி என்ற சுயஉதவி அமைப்பை 1982லேயே அமைத்துவிட்டது. ஒன்பது ஆண்டு முன்னதாகவே முயற்சியில் இறங்கிய சமூகம் கீழே நிற்க, பின்னால் தொடங்கிய சமூகம் எப்படி மேலே போனது?

“நம்மவர்களுக்குப் படிப்பின்மேல் பற்று அதிகம், அவர்கள் இருப்பதை வைத்து மகிழ்ந்திருப்பவர்கள்” என்பது தேக்காவின் காப்பிக்கடை மேசைகளில் எளிதாகக் கிடைக்கும் விடை. இவ்விடை பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இரு சமூகங்களுக்கும் இடையே இன்று தெரியும் இடைவெளியில் பெரும்பகுதி, யார் எப்போது வந்தார், யார் போனார், யார் யாரோடு சேர்த்து எண்ணப்படுகிறார் என்பவற்றின் விளைவு. அதைப் பண்பாட்டின் கணக்கில் எழுதுவது மலாய்க்காரருக்கு அநீதி. நம்மிலேயே கீழ்த்தட்டில் இருக்கும் தமிழருக்கும் அது அநீதி.

குடியேற்றமும் இடமும்

ராஃபிள்ஸின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டம் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் இடத்தை வகுத்தது. மலாய்க்காரர், அரபு வணிகர், புகிஸ் மாலுமிகள் ஆகியோருக்குச் சுல்தானின் அரண்மனையை ஒட்டிய கம்போங் கிளாம் ஒதுக்கப்பட்டது. தென்னிந்தியருக்குச் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் சூலியா கம்பம் குறிக்கப்பட்டது. 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை வைத்தார். அவர் முயற்சியில் 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழுந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசைகட்டின. அவர்கள் 1859இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள்.

சிராங்கூன் சாலை பின்னால் வளர்ந்தது. மாட்டுக் கொட்டில்கள், சுண்ணாம்புச் சூளைகள், குதிரைப் பந்தயத் திடல் ஆகியவை கொடுத்த வேலையே அதை வளர்த்தது. எருமைப் பட்டி என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயர் அந்த வட்டாரத்துக்கு இன்றும் உண்டு. வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பழைய தலைமுறை அழைத்தது. தமிழர் வாழ்ந்த இடத்தின் பெயரில் மலாயும், மலாய்ச் சொல்லான கம்பம் தமிழர் கோயிலிலும் குடியிருந்தன.

இரு சமூகங்களுக்கும் நடுவே எப்போதும் கதவுகள் இருந்தன. முதல் மலாய்ச் செய்தித்தாளாகக் கருதப்படும் ‘ஜாவி பெரானக்கான்’ 1876இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர்கள், தென்னிந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர். இன்றும் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் பள்ளிவாசலால் ஒரு பக்கமும், மொழியால் மறுபக்கமும் சேர்கிறது. “இரண்டு இனங்கள்” என்று எண்ணும்போது இதை மறக்கலாகாது.

ஆயினும் வாழ்க்கை அமைப்பில் ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. மலாய்க்காரர் குடும்பமாக வாழ்ந்தனர். தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தனி ஆண்களாக வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, முடிந்தால் திரும்பினர். 1957இல்கூடச் சிங்கப்பூர் இந்தியரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்களுக்கு மேல் இருந்தனர். இந்திய சமூகம் தொடக்கத்திலிருந்தே இரு தட்டாகவும் இருந்தது. மேல்தட்டில் செட்டியார்கள், ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர், மலையாள எழுத்தர்கள். கீழ்த்தட்டில் துறைமுகம், நகராட்சி, பொதுப்பணித் துறை ஆகியவற்றின் கூலித் தொழிலாளர்.

பள்ளிமொழி என்ற முட்டுச்சந்து

குடியேற்ற அரசு மலாய்க்காரருக்குத் தாய்மொழியில் இலவசத் தொடக்கக் கல்வி கொடுத்தது. எனினும் அதன் எல்லையை முன்பே வரைந்துவிட்டது. கல்வி அதிகாரி ரிச்சர்ட் வின்ஸ்டெட் 1917இல் தந்த அறிக்கைக்குப்பின் கூடை முடைதலும் தோட்டவேலையும் மலாய்ப் பள்ளியின் பாடங்களாயின. எழுத்தர் வேலைக்கு ஆசைப்படாத, கொஞ்சம் தேர்ச்சி பெற்ற மீனவரையும் உழவரையும் உருவாக்குவதே நோக்கம். துறைமுக நகரம் ஒன்றில் இந்தக் கல்வியால் ஆன பயன் என்ன? 1924இல் சட்டமன்றத்தில் நியமனம் பெற்ற முதல் மலாய்க்காரரான முகமது யூனோஸ் அப்துல்லா, 1926இல் உருவான சிங்கப்பூர் மலாய்ச் சங்கத்தின் தலைவராக இருந்து, நிலத்துக்கும் கல்விக்கும் போராடினார்.

தமிழ்ப் பள்ளிகளுக்கு அந்த அளவு கவனிப்பும் இல்லை. சங்கங்களும் தனியாரும் கோயில்களும் தத்தம் பணத்தில் நடத்திய பள்ளிகள் அவை. 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி இப்பள்ளிகளுக்காக ஓயாமல் குரல் கொடுத்தார். கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்பட்டது.

விடுதலைக்குப் பிந்தைய தொழில்மயமாக்கலில் ஆங்கிலம் தெரிந்தவனுக்கே வேலை என்றானபோது, தமிழ்ப் பள்ளி மாணவரும் மலாய்ப் பள்ளி மாணவரும் ஒரே சந்தில் முட்டிக்கொண்டனர். மலாய்ச் சமூகத்தில் அந்தத் தலைமுறை எண்ணிக்கையில் பெரிது. ஆகவே அதன் வடு சமூகம் முழுதும் தெரிந்தது. நம்மிடம் ஆங்கிலம் கற்ற மேல்தட்டு ஒன்று ஏற்கெனவே இருந்ததால், வடு சராசரிக்குள் மறைந்தது.

தளங்கள் மூடப்பட்ட ஆண்டுகள்

1938இல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளம் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பெரும் வேலைக் களம். பிரிட்டிஷ் தளங்களில் ஓட்டுநர்களாகவும் காவலர்களாகவும் மலாய்க்காரர் பெருமளவில் இருந்தனர். தளங்களை மூடப்போவதாக 1968இல் பிரிட்டன் அறிவித்தது. 1971இல் படைகளின் பெரும்பகுதி வெளியேறியது. இரு சமூகங்களின் அடுப்பிலும் ஒரே வேளையில் தண்ணீர் ஊற்றப்பட்டது.

விளைவு மட்டும் வேறு வேறாக அமைந்தது. குடியுரிமை இல்லாத இந்தியத் தொழிலாளர் பலர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். 1957இல் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்த இந்தியரின் பங்கு 1980இல் 6.4 விழுக்காடாகச் சுருங்கியது. அதாவது, வேலை இழந்த இந்தியரில் ஒரு பகுதியினர் புள்ளிவிவரத்தை விட்டே வெளியேறினர். மலாய்க்காரருக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. வேலையின்மையின் சுமை அவர்களின் வீட்டிலேயே தங்கியது.

அதே ஆண்டுகளில் இன்னொரு தடையும் சேர்ந்தது. 1967இல் கட்டாய தேசிய சேவை தொடங்கியபின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் மலாய் இளையர் பெரும்பாலும் சேவைக்கு அழைக்கப்படவில்லை. விலக்கும் முறையாகக் கிடைக்கவில்லை. என்றைக்கு அழைப்பு வருமோ என்று தெரியாத இளைஞனுக்கு நிலையான வேலையும் தொழிற்பயிற்சியும் தர முதலாளிகள் தயங்கினர். இருபது வயதில் இழந்த ஐந்தாறு ஆண்டுகள் வாழ்நாள் வருமானத்தையே குறைத்துவிடும்.

இவற்றை ஒதுக்கிவிட்டு “மனப்போக்கு” என்று பேசுவதை அறிஞர்கள் வன்மையாக மறுத்திருக்கிறார்கள். சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூல், சோம்பேறி மலாய்க்காரன் என்ற படிமம் குடியேற்ற முதலாளியத்தின் தேவைக்காகப் புனையப்பட்டது என்று காட்டியது. லில்லி சுபைதா ரஹிம் 1998இல் சிங்கப்பூர் மலாய்க்காரரின் பின்னடைவை அரசியல், நிறுவன வரலாற்றோடு இணைத்து ஆராய்ந்தார். தமிழ்க் கூலியைக் கள்ளுக்கடையோடு சேர்த்தே பார்த்த அதே கண்தான் மலாய்க்காரரைச் சோம்பலோடு சேர்த்துப் பார்த்தது. அந்தக் கண்ணை நாம் இரவல் வாங்கக் கூடாது.

1982, 1989, 1991: சுயஉதவியின் காலம்

1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மலாய்ச் சமூகத்தின் கல்வி நிலையை வெளிச்சமாக்கியது. அதன் தூண்டுதலில் 1982இல் மெண்டாக்கி பிறந்தது. மத்திய சேமநிதி வழியாக மாதந்தோறும் ஊழியர் தரும் சிறு தொகையைக் கொண்டு துணைப்பாட வகுப்புகள் நடத்தும் முறையை அது வகுத்துத் தந்தது. பின்னால் சிண்டா எடுத்துக்கொண்டது அதே முறையைத்தான். நம் அமைப்பின் முன்மாதிரி மலாய்ச் சமூகத்திடமிருந்து வந்தது என்பதை நாம் போதிய நன்றியோடு நினைப்பதில்லை.

1989 இரு சமூகங்களுக்கும் திருப்பமான ஆண்டு. மார்ச்சில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு புளோக்கில் மலாய்க்காரர் 25 விழுக்காட்டையும், இந்தியரும் பிறரும் 13 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. அதே ஆண்டு ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியாவும் கம்போங் கிளாமும் ஒன்றாக மரபுப் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. கடைவீடுகள் காப்பாற்றப்பட்டன. அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் பெரும்பாலும் புதிய பேட்டைகளுக்குச் சிதறியிருந்தன. வறுமை ஒரே தெருவில் கூடி நின்றால் ஊர் கண்ணுக்குத் தெரியும். ஈசூனிலும் உட்லண்ட்சிலும் பல புளோக்குகளில் பரவினால் பட்டியலில் மட்டுமே தெரியும். அதனால்தான் சராசரி என்ற எண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் வந்தது.

இந்தியர் கல்வி பற்றி ஆராய்ந்த செயற்குழு 1991இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சமூகம் நாற்சந்தியில் நிற்கிறது என்ற பொருள் தரும் தலைப்பு அதற்கு. அதன் தொடர்ச்சியே சிண்டா. சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் அதன் அலுவலகம் இருக்கிறது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2000க்கும் 2010க்கும் இடையே, படிப்பை முடித்த 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் பட்டதாரிகளின் பங்கு 16.5இலிருந்து 35.0 விழுக்காடானது. மலாய்க்காரரில் அது 2.0இலிருந்து 5.1 ஆனது. முதல் பார்வையில் பாதாளமும் மலையும் போலத் தெரிகிறது. ஆனால் இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அதே பத்தாண்டில் இந்தியர் எண்ணிக்கை ஏறத்தாழ 2,58,000இலிருந்து 3,48,000 ஆனது. இது 35 விழுக்காடு உயர்வு. மலாய்க்காரர் 4,54,000இலிருந்து 5,04,000 ஆயினர். இது 11 விழுக்காடு உயர்வு. பிறப்பால் மட்டும் ஒரு சமூகம் பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகாது. கணக்கெடுப்பின் “குடியிருப்பாளர்” என்ற சொல்லில் குடிமக்களோடு நிரந்தரவாசிகளும் அடக்கம். 1990களிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்த கணினிப் பொறியாளர்கள், வங்கியாளர்கள், மருத்துவர்கள் பலர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கில் சேர்ந்தனர். 2010இல் சிங்கப்பூர் இந்தியரில் தமிழர் 54 விழுக்காடுதான்.

மலாய்ச் சமூகத்துக்கு அத்தகைய வரவு மிகக் குறைவு. அவர்களின் பட்டதாரிப் பங்கு பத்தாண்டில் இரண்டரை மடங்காகியது, இந்தியருடையது இரண்டு மடங்குக்குச் சற்று மேல். மலாய்ச் சமூகத்தின் உயர்வு பெரும்பாலும் இவ்வூர்ப் பள்ளிகளில், இவ்வூர்ப் பெற்றோரின் உழைப்பில் விளைந்தது. 2020இல் 25 வயதுக்கு மேற்பட்ட மலாய்க்காரரில் பட்டதாரிகள் ஏறத்தாழ 11 விழுக்காட்டை எட்டினர். தொடக்கப்புள்ளி எவ்வளவு கீழே இருந்தது என்று அறிந்தவர் இதைத் தேக்கம் என்று சொல்லமாட்டார்.

வருமானத்தையும் பிரித்துப் பார்ப்போம். 2010இல் இந்தியக் குடும்பங்களின் சராசரி வருமானம் 7,664 வெள்ளி, இடைநிலை 5,370 வெள்ளி. இடைவெளி 2,294 வெள்ளி. மலாய்க் குடும்பங்களின் சராசரி 4,575 வெள்ளி, இடைநிலை 3,844 வெள்ளி. இடைவெளி 731 வெள்ளிதான். சராசரி இடைநிலையைவிட எவ்வளவு மேலே போகிறதோ, அந்த அளவுக்கு உச்சியில் இருப்போர் சராசரியை மேலே இழுக்கிறார்கள் என்று பொருள். பழைய இரு தட்டு அமைப்பு அழியவில்லை என்பதையே இது காட்டுகிறது. மேல்தட்டுக்குப் புதிய ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

கீழ்த்தட்டில் இருப்போர் யார்? துறைமுகத்திலும் துப்புரவுப் பணியிலும் பாதுகாவலர் பணியிலும் வாழ்ந்த பெற்றோரின் பிள்ளைகள், ஓரறை ஈரறை வாடகை வீட்டில் கணக்குப் பாடத்தோடு மல்லாடும் உள்ளூர்த் தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் நிலை, அதே மாடியில் இருக்கும் மலாய்ப் பிள்ளையின் நிலைக்கு அருகில் இருக்கிறது. கோடீஸ்வரத் தொழில்நுட்பரின் நிலையோடு அதை ஒரே பத்தியில் கூட்டுவது அவர்களின் தேவையை மறைத்துவிடும்.

எண்ணுக்கு வெளியே நிற்பவர்

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் நடந்தால் மூன்றாவது ஒரு கூட்டத்தைக் காணலாம். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வேலை அனுமதிச் சீட்டில் வந்து, கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் ஊழியர்கள் அவர்கள். 2013 டிசம்பர் 8 அன்று ஓர் ஊழியர் பேருந்தில் சிக்கி உயிரிழந்தபின் ரேஸ் கோர்ஸ் சாலையில் கலவரம் வெடித்தபோதுதான் நகரம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. இவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரே இன்றைய சிங்கப்பூரின் மிகக் குறைந்த ஊதியத் தமிழர். இன்றும் தனி ஆண்களாக வருகிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், விடுதி வரிசைகளில் உறங்குகிறார்கள். நூறாண்டுக்கு முன்னைய நகராட்சித் தொழிலாளியின் வாழ்க்கையே இது. ஆனால் குடியிருப்பாளர் கணக்கில் இவர்கள் இல்லை. நம் சராசரி உயர்ந்து தெரிவதற்கு இவர்கள் விலக்கப்பட்டிருப்பதும் ஒரு காரணம்.

முடிவுரை

ஒரே சமூகத்துக்குள் போனவரும் வந்தவரும் விலக்கப்பட்டவரும் சேர்ந்து “இந்தியர்” என்ற எண்ணை மேலே தூக்கியிருக்கிறார்கள். வெளியேற வழியின்றி, வெளியிலிருந்து வரவும் அதிகம் இன்றி, தன் தழும்புகளோடு அப்படியே எண்ணப்பட்ட சமூகம் மலாய்ச் சமூகம். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி மதிப்பெண் போடுவது ஆய்வாகாது.

நேர்மையான ஒப்பீட்டுக்கு மூன்று பிரிப்புகள் தேவை: பெற்றோர் பிறந்த இடம், வீட்டில் பேசும் மொழி, வீட்டின் வகை. இம்மூன்றையும் வைத்து, மூன்றாம் தலைமுறை உள்ளூர்த் தமிழ்க் குடும்பத்தையும் மூன்றாம் தலைமுறை மலாய்க் குடும்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அதற்கு ஏற்ற களம் செம்பவாங். தளம் மூடப்பட்ட ஆண்டில் ஒரே வாயிலில் கடைசிச் சம்பளம் வாங்கிய தமிழ்த் தொழிலாளரும் மலாய்த் தொழிலாளரும் அங்கே இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று எங்கே நிற்கிறார்கள் என்று இரு மொழியிலும் கேட்டுப் பதிவு செய்தால், இனம் எவ்வளவு தீர்மானித்தது, வாய்ப்பு எவ்வளவு தீர்மானித்தது என்று தெரியவரும். அந்தத் தொழிலாளர் தலைமுறை முதுமையில் இருக்கிறது. கேட்கும் வேலையைத் தமிழ், மலாய் ஆய்வாளர்கள் சேர்ந்து, இப்போதே தொடங்க வேண்டும்.