விதை நனைக்கும் நாள்: கல்முனைக் கரையோரத்தில் வேளாண்மையும் காலக்கணிப்பும்

இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனை தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில் வரை நீளும் முஸ்லிம் ஊர்களில் குடியிருப்புகள் கடலோர மணல்மேட்டிலும் வயல்கள் அவற்றுக்கு மேற்கே தாழ்ந்து கிடக்கும் வெளிகளிலும் அமைந்துள்ளன. இங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையே வாடைக்காற்றோடு வந்து சேர்கிறது. வரும் என்பது உறுதியாயினும், எந்த வாரத்தில் தொடங்கும், தொடங்கியது நிலைக்குமா, வெள்ளமாக மாறுமா என்பவை ஒருபோதும் உறுதியாக இருந்ததில்லை. நெல்லோ முளைப்பதற்கு ஈரத்தையும் முற்றுவதற்கு வெயிலையும் குறித்த கால இடைவெளியில் கேட்கும் பயிர். இவ்விரண்டையும் பொருத்துவதற்கு இக்கரையோரத்தார் வளர்த்த ஒழுங்குமுறையில் மூன்று கேள்விகள் அடங்கியிருந்தன: எந்த வேலையை முந்திச் செய்து வைக்கலாம், எதைக் கடைசி வேளைவரை தள்ளிவைக்க வேண்டும், எந்த நாளை ஊரார் அனைவரும் சேர்ந்தே குறிக்க வேண்டும். தனியொருவரின் சுறுசுறுப்புக்கு இம்முறையில் இருந்த இடம் மிகச் சிறிது.

போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை 1626இல் வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்களில் வழங்கிவரும் செய்தி. அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம் குடிகள் இருந்தன. ஆயினும் வணிகத்தோடு இணைத்தே பேசப்படும் ஒரு சமூகம் கிழக்கில் உழவுத் தொழிலில் வேரூன்றியதன் பின்னணியை விளங்கிக்கொள்ள இக்குடியேற்றம் உதவுகிறது. பெருநிலம் உடையவர் போடியார் எனவும், அவருக்காக வயலில் நின்று வேலையை நடத்துபவர் முல்லைக்காரர் எனவும், அவருக்குக் கீழ் உழைப்பவர் வயற்காரர் எனவும் அழைக்கப்பட்டனர். நெற்பயிரையே 'வேளாண்மை' என்றும், அறுவடையை 'வேளாண்மை வெட்டு' என்றும் சொல்வது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்காகும்.

இவ்வூர்களின் காலக்கணக்கு இரண்டு பஞ்சாங்கங்களில் ஓடியது. பிறையை ஒட்டிய ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள் கொண்டதாகையால், நோன்பும் பெருநாளும் கந்தூரியும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பெயரால் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நடைபெறும் கொடியேற்றமும் இவ்வாறு சில ஆண்டுகளில் கச்சான் காற்று வீசும் கோடையிலும் வேறு சில ஆண்டுகளில் அடைமழையிலும் வந்தமையும். மழையோ சூரியனைப் பின்பற்றுவது. எனவே வழிபாட்டுக்கு ஹிஜ்ரி மாதங்களை வைத்துக்கொண்டவர்கள், விதைப்புக்கும் வெட்டுக்கும் புரட்டாதி, ஐப்பசி, மாசி என்ற தமிழ் மாதங்களையே வைத்துக்கொண்டனர். அன்றாட வேலைக்கு சுபஹ், அஸர் தொழுகை வேளைகள் எல்லைக்கற்களாயின. அவை சூரியனின் நிலையைக் கொண்டே கணிக்கப்படுவதால் வயல்வேலையோடு இயல்பாகப் பொருந்தின. மின்வெட்டுக் காலமாகிய 1996இல் அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை மே மாதத்தில் ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னிழுத்து, 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே மீட்டது. அலுவலகங்களைக் குழப்பிய அந்தப் பத்தாண்டு வயற்காரரைப் பெரிதாகத் தொட்டிருக்க வாய்ப்பில்லை.

விதைப்புக்கு முந்திய வேலைகளை வரிசைப்படுத்திய விதத்திலேயே இம்முறையின் நுட்பம் அடங்கியிருந்தது. வாய்க்காலைத் துப்புரவாக்குதல், வரம்பு கட்டுதல், வேலி அடைத்தல் ஆகியவை மழை பத்து நாள் பிந்தினாலும் வீணாகிப் போகாத வேலைகள். ஆகவே அவை முதலில் முடிக்கப்பட்டன. விதைநெல்லை நனைப்பது அப்படிப்பட்டதன்று. சாக்கில் கட்டி ஒரு நாள் நீரில் ஊறவைத்து, பின்னர் வெளியே எடுத்து மூடி வைத்த நெல், ஓரிரு நாளில் வெண்முளை நீட்டிவிடும். அந்த முளை கால் அங்குலம் தாண்டினால் வீசும்போதே ஒடியும், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கைக்கு அடங்காது. நனைத்த விதையை மீண்டும் உலர்த்தி விதையாக்க முடியாது, சோற்றுக்கும் அது உதவாது. இதனால் நீர் தன் வயலின் வக்கடைக்கு, அதாவது வரம்பில் நீர் புகுவதற்காக வெட்டிவிடும் வாய்க்கு, வந்து சேரும்வரை சாக்கை நனைக்காமல் வைத்திருப்பதே தேர்ந்த முல்லைக்காரரின் அடையாளமாயிற்று. அப்படிப் பொறுத்திருந்து விதைத்த பின்னரும் ஓர் இரவுப் பெருமழை எல்லாவற்றையும் அள்ளிச் செல்லக்கூடும் என்பதால், மறுவிதைப்புக்கென ஒரு பங்கு நெல் கொம்பறையில், அதாவது நெல் சேமிக்கும் கூட்டில், தனியே ஒதுக்கப்பட்டது.

பிந்திய மழையைச் சமாளிக்க வேறொரு கருவியும் இருந்தது. அது நெல்லின் வயது. நீண்ட வயதுடைய பழைய இனங்களோடு குறுகிய வயதுடையவற்றையும் வைத்திருந்தவர்கள், தொடக்கம் தள்ளிப்போகும் ஆண்டில் வயது குறைந்ததை விதைத்து, வெட்டை மாசி வெயிலுக்குள் கொண்டுவர முயன்றனர். பிற்காலத்தில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மூன்றரை மாத பி.ஜி. 94-1, மூன்று மாத பி.ஜி. 300 போன்ற இனங்கள் இத்தெரிவை விரிவாக்கின என்பதே பொருத்தம். பிந்தியதை இனத்தின் வயதால் ஈடுசெய்யும் எண்ணம் அவற்றுக்கு முற்பட்டது.

தன் வயலுக்குரிய நாளைத் தானே குறித்துக்கொள்ளும் உரிமை மட்டும் யாருக்கும் இருக்கவில்லை. ஒரு வெளியில் ஒருவருடைய வயல் இரண்டு வாரம் பிந்தினால், மற்றவர்கள் வெட்டி முடித்த பின் குருவியும் எலியும் பன்றியும் அந்த ஒரு வயலிலேயே வந்து இறங்கும். வெட்டிய வயல்களுக்கு மாடுகளை அவிழ்த்துவிட முடியாது. வாய்க்காலை மூடவும் முடியாது. எனவே மாடுகளை வெளியேற்றும் நாள், வேலி அடைத்து முடிக்கும் நாள், விதைப்பின் கடைசி நாள் ஆகியவை 'வட்டை' எனப்படும் வயற்பரப்பு முழுவதற்கும் பொதுவாகக் குறிக்கப்பட்டன. இவற்றை நிறைவேற்றிவைத்தவர் வட்டை விதானை. அவருக்குச் சம்பளமாக விளைச்சலில் ஒரு பங்கு நெல் அளக்கப்பட்டது. வெளி முழுவதும் விளைந்தால்தான் அவருக்கு நிறைய நெல் என்பதால், பிந்துகிறவரை விரட்டுவதில் அவருக்குச் சொந்த நலனும் இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கங்கள் முதலில் நலிந்து, பின்னர் சட்டத்தின் பெயரால் மீட்கப்பட்டன. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம், நெற்செய்கை தொடர்பான பழைய வழக்கங்களைக் கண்டறிந்து அவற்றுக்குச் சட்டவலு அளிப்பதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தும் பணியும் அவருடைய காலத்துக்குரியதே. காலனித்துவ அரசு ஊர்வழக்கிடம் போய்ப் பாடம் கேட்ட அரிய தருணங்களுள் இக்கட்டளைச்சட்டமும் ஒன்று எனலாம், நெல்வரி வருமானத்தில் அதற்கிருந்த அக்கறையையும் மறக்காமல்.

மழைக்காகவும் வெட்டுக்காகவும் காத்திருக்கும் மாதங்கள் சும்மா கழியவில்லை. வாடை வீசி வயல் திறக்கும் பருவத்தில் கடல் கொந்தளித்துக் கரைவலை ஓய்ந்துவிடும். கடல் அடங்கும்போது வயல்வேலை குறைந்துவிடும். இதனால் கரையோரக் குடும்பங்கள் பலவற்றில் உழைப்பு இரண்டுக்கும் இடையே மாறிக்கொண்டிருந்தது. கோடையில் வெட்டி உலர்த்திய பன்புல்லைப் பெண்கள் மழைக்காலத்தில் வீட்டுக்குள் இருந்தவாறே பாயாக இழைத்தனர். சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற மருதமுனையின் நெசவாளருக்கோ மழை ஒரு தடையே, பசையூட்டிய நூல் வெயிலின்றிக் காயாதாகையால்.

மாறுபட்ட நலன்கள் மோதிய இடமும் உண்டு. வெள்ளநீர் கடலுக்கு வடிய வேண்டுமானால் ஆற்றுவாயையும் தோணாவையும் அடைத்து நிற்கும் மணல்திட்டை வெட்டிவிட வேண்டும். தோணா என்பது ஊருக்குள் ஓடிக் கடலருகே தேங்கும் நீரோடை. இளம்பயிர் மூழ்கி நிற்கும் வயற்காரருக்கு அது உடனே வெட்டப்பட வேண்டும். உள்நீரில் மீனும் இறாலும் பிடிப்பவருக்கு இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். ஒருவருக்குத் தாமதமாகத் தெரிவது மற்றவருக்கு அவசரமாகத் தெரிந்த இவ்விவகாரத்துக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் தீர்வு இருக்கவில்லை.

1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ், கல்லோயா என்றும் வழங்கும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்க மொரிசன்-நட்சன் நிறுவனம் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாயிற்று. கரையோரத்துப் பழைய வயல்கள் பலவும் இத்திட்டத்தின் நீரோடு இணைக்கப்பட்டன. மழையை மட்டும் நம்பிய நிலங்களில் கோடைச் சிறுபோகமும் செய்ய வழிபிறந்தது. இதன் மறுபக்கமாக, நாள் குறிக்கும் அதிகாரம் மேற்கு நோக்கி நகர்ந்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபின், முதல் நீர் திறப்பு, விதைப்பின் கடைசி நாள், நீர் நிறுத்தும் நாள், விதைக்கவேண்டிய நெல்லின் வயது ஆகியவை அரசாங்க அதிபர் தலைமையில் அதிகாரிகளும் உழவர்களும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்டன. வானத்தைப் பார்த்தவர்கள் நீர்மட்ட அளவுகோலைப் பார்க்கப் பழகினார்கள். வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவருக்குத் திறப்பு நாள் என்பது நீர் வரும் நாளன்று என்பதையும் விரைவில் கற்றுக்கொண்டார்கள்.

இதற்கிடையே, பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், குத்தகை உழவருக்குப் பாதுகாப்பளித்ததோடு, நாடெங்கும் விதானை பதவியை ஒழித்து, உழவர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. போடியாரின் ஆளாக நின்று அவருடைய வயலுக்கே முதல் நீர் விட்ட விதானைகள் இருந்தமையால் இச்சீர்திருத்தத்துக்கு நியாயம் இருந்தது. ஆயினும் கடைசி நாளைத் தாண்டி விதைக்கிறவரின் வரம்பில் போய் நின்று கேட்கும் ஆள் இல்லாமற்போனதும் உண்மை. 1979இன் கமநல சேவைகள் சட்டமும் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் வேறு வேறு பெயர்களில் அந்த வெற்றிடத்தை நிரப்ப முனைந்தன. சம்மாந்துறை, நிந்தவூர்ப் பகுதிகளில் இன்றும் உழவர் சார்பில் வாய்க்காலைக் கவனிப்பவரை வட்டை விதானை என்றே அழைக்கிறார்கள்.

கூடி நாள் குறிப்பதன் வலிமைக்குச் சிறந்த சான்று கல்லோயாவின் இடதுகரையிலிருந்து கிடைக்கிறது. கொழும்பின் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் 1981 முதல் அங்கே உழவர் குழுக்களை வாய்க்கால்வாரியாக அமைக்க உதவின. முறைவைத்து நீர் பாய்ச்சவும், தலைவாய்க்காலில் மிச்சமாகும் நீரைக் கடைவாய்க்காலுக்கு விடவும் அக்குழுக்கள் இணங்கின. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்கள உழவரும் கடைப்பக்கத்தில் தமிழ் பேசும் உழவரும் இருந்த, நாடு போருக்குள் சென்றுகொண்டிருந்த காலம் அது. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், நீர்த்தேக்கத்தின் இருப்பு நெல்லுக்குப் போதாது என்று அதிகாரிகள் கணித்த பின்னரும், இவ்வமைப்புகள் இருந்த நீரைப் பகிர்ந்து 65,000 ஏக்கரில் பயிரிட்டு வழமையிலும் கூடிய விளைச்சல் எடுத்ததாக, இம்முயற்சியை நெடுங்காலம் ஆய்ந்த நோர்மன் அப்ஹொஃபும் சி. எம். விஜயரத்னவும் 2000இல் எழுதினர்.

மழையோடு தொடர்பில்லாத தாமதங்களுக்கு இத்தகைய விடை கிட்டவில்லை. போர்க்காலத்தில் மேற்கு வெளிகளுக்குப் போகும் நேரத்தைச் சூரியனுக்குப் பதிலாகச் சோதனைச் சாவடிகள் தீர்மானித்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றபின், வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபிய நிதியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கிலும் அரசியலிலும் சிக்கிப் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, மழைக்காலப் பெரும்போகத்து உழவர் நாளைக் குறித்துவிட்டு உரத்துக்காகக் காத்திருந்தனர். பயிர் காத்திருக்கவில்லை.

வெட்டு முடிந்தபின் காத்திருக்கும் வலிமையே இக்காலத்தில் மிகவும் மாறிப்போயிருக்கிறது. முன்பு அரிவாளால் வெட்டிய நெல்லைச் சிறு பிடிகளாக, அதாவது உப்பட்டியாகப் போட்டு, காய்ந்ததும் கட்டி, களவெட்டி எனப்படும் களத்தில் கதிர்கள் உள்நோக்கி இருக்கும்படி வட்டமாக அடுக்கிச் சூடு வைப்பர். நன்கு வைத்த சூட்டின் மேல் விழும் மழை வைக்கோல் வழியே வழிந்தோடுமேயன்றி மணிக்குள் இறங்காது. ஆகவே மழை பெய்தாலும், ஆள் கிடைக்காவிட்டாலும், விலை சரிந்தாலும் சூடடிப்பை வாரக்கணக்கில் தள்ளிவைக்க முடிந்தது. அறுவடை இயந்திரம் இப்பணிகள் அனைத்தையும் சில மணித்தியாலங்களில் முடித்து, ஈரம் ஆறாத நெல்லைச் சாக்கில் கொட்டிவிடுகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை 14 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள நெல்லைப் பொதுவாக ஏற்பதில்லை. தனியார் ஆலைக்காரர் ஏற்பார், தம் விலைக்கு. 2011 ஜனவரியில் நேர்ந்ததுபோல் வெட்டுக் காலத்திலேயே வெள்ளம் வரும் ஆண்டில் அந்த விலையும் கிடைப்பதில்லை. மாசி மாதத்தில் கல்முனை–அக்கரைப்பற்று நெடுஞ்சாலையின் ஓரங்களில் தார்வீதியில் நெல்லைப் பரப்பி, மேகம் கருக்கும்போதெல்லாம் படங்கை இழுத்து மூடியும் திறந்தும் குடும்பங்கள் காவலிருப்பது இதனாலேயாகும்.