அலமூத்: நாவலிலும் வீடியோ விளையாட்டிலும்

ஹிஜ்ரி 483-ஆம் ஆண்டில் (கி.பி. 1090) இஸ்மாயீலிப் பிரசாரகரான ஹஸன் இப்னு ஸப்பாஹ், பாரசீகத்தின் எல்புர்ஸ் மலைத்தொடரிலுள்ள அலமூத் கோட்டையைக் கைப்பற்றினார். 1124-இல் மறையும்வரை அங்கிருந்தே ஸல்ஜூக் பேரரசை எதிர்த்து நின்றார். அப்பேரரசின் வஸீரும் பக்தாத் நிஸாமிய்யா மதரஸாவின் நிறுவனருமான நிஸாமுல் முல்க், 1092-இல் ஸூஃபிக் கோலத்தில் வந்த ஒருவனின் கத்திக்கு இரையானார். அலமூத்தின் ஃபிதாயீகளே அதைச் செய்தனர் என்று பேசப்பட்டது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இக்கூட்டத்தாரின் பாத்தினிய்யாக் கொள்கையை மறுத்துத் தனிநூலே யாத்தார்கள்.

இவ்வரலாற்றின்மேல் ஒரு கட்டுக்கதை கொடிபோல் படர்ந்தது. மலைக்கிழவர் ஒருவர் இளைஞர்களுக்குப் போதையூட்டி, நங்கையர் நிறைந்த தோட்டத்தில் கண்விழிக்கச் செய்து, அதையே சுவர்க்கம் என நம்பவைத்துக் கொலைக்கு அனுப்பினார் என்பது அக்கதை. மார்க்கோ போலோவின் பயணநூல் அதனை ஐரோப்பாவெங்கும் பரப்பியது.

அக்கதையை ஸ்லோவீனிய எழுத்தாளர் விளாதிமிர் பார்த்தோல் 1938-இல் ‘அலமூத்’ என்னும் நாவலாக்கினார். ஐரோப்பாவில் சர்வாதிகாரிகள் கோலோச்சிய காலம் அது. நாவலில் இப்னு தாஹிர் என்னும் இளைஞன் பொய்ச் சுவர்க்கத்தை நம்பி வஸீரைக் குத்துகிறான். சாகும் தறுவாயிலுள்ள வஸீரின் வாயாலேயே, தான் ஏமாற்றப்பட்டதை அறிகிறான். தோட்டம் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பது வாசகருக்கு முன்பே தெரியும், அவனுக்குத்தான் தெரியாது. ஆகவே நாம் அவனுக்காக இரங்குகிறோம். ஏமாற்றியவரின் மனத்தையும் உள்ளே புகுந்து ஆராய்கிறோம்.

இந்நாவலால் தூண்டப்பெற்று 2007-இல் வெளிவந்தது ‘அசாசின்ஸ் கிரீட்’ என்னும் வீடியோ விளையாட்டு. காலம் 1191, மூன்றாம் சிலுவைப்போர். களம் ஷாம் தேசம். நாயகன் பெயர் அல்தாயிர். அரபியில் ‘பறப்பவன்’ என்று பொருள். அவன் தலைவரோ ‘அல்முஅல்லிம்’, அதாவது ஆசிரியர்! அவர் ஏவியபடி ஒன்பது பேரைக் கொன்று முடித்த பின்னரே, அந்த ஆசிரியரே வஞ்சகர் என்பது வெளியாகிறது.

இங்கேதான் இரு கலைகளும் பிரிகின்றன. நாவலில் ஏமாறுபவன் வேறொருவன், நாம் சாட்சிகள். விளையாட்டிலோ ஏவலை நிறைவேற்றுவது ஆடுபவரின் விரல்களே. ஏனென்று கேளாமல் கீழ்ப்படிந்தவர் அவரே. இறுதியில் திடுக்கிடுபவரும் அவரே. குருட்டுக் கீழ்ப்படிதலின் ஆபத்தை நாவல் சிந்தனைக்கு உணர்த்துகிறது. விளையாட்டு கைகளுக்கு உணர்த்துகிறது. ஆயினும் விளையாட்டில் அடுத்த காட்சி விரைந்து வந்துவிடும். நாவலிலோ பக்கத்தை மூடிவைத்து எண்ணிப்பார்க்க இடமுண்டு. ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று ஒன்றை ஒதுக்குவதும், ‘பழங்காலச் சரக்கு’ என்று மற்றதைத் தள்ளுவதும் நீதியாகா.

எனினும், இரண்டும் வரலாறு அல்ல. 1256-இல் ஹுலாகுவின் படையிடம் அலமூத் வீழ்ந்தபோது, அதன் நூலகத்தினுள் சென்று பார்த்தவர் வரலாற்றாசிரியர் ஜுவைனி. அவர் இஸ்மாயீலிகளைக் கடுமையாக வெறுத்தவர். திருக்குர்ஆன் பிரதிகளையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு, வழிகேடெனத் தாம் கருதிய நூல்களைத் தீயிட்டதாக அவரே எழுதுகிறார். அத்தகைய பகைவர்கூட மயக்கத் தோட்டம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை! பின்னாளில் மராகாவில் வானாய்வுக்கூடம் நிறுவிய நஸீருத்தீன் தூஸி, இஸ்மாயீலிக் கோட்டைகளில் பல்லாண்டுகள் தங்கி நூல்கள் யாத்தவர் என்பதும் இங்கே எண்ணத்தக்கது. நாவலும் விளையாட்டும் கத்தியைக் காட்டின. நூலகம் பின்னுக்குப் போயிற்று.

நம் பிள்ளைகளில் பலர் அலமூத்தின் ஃபிதாயீகளை முதலில் சந்திப்பது திரையில்தான். அதைத் தடுப்பதைவிட, ‘இது கதை, நடந்தது இது’ என்று பக்கத்தில் அமர்ந்து பிரித்துக் காட்டுவது மேல். வஞ்சக முஅல்லிமைத் திரையில் கண்ட பிள்ளைக்கு, நேர்மையான முஅல்லிம் ஒருவர் வீட்டிலேயே கிடைக்கட்டும்.