புலன்கடந்த உளவியலும் ஆய்வு நெறியும்

புலன்களின் துணையின்றி ஒருவர் மனத்தை மற்றொருவர் அறிதல் கூடுமா? இவ்வினாவை ஆராய 1882இல் இலண்டனில் ஒரு கழகம் தோன்றியது. பாராசைக்காலஜி எனப்படும் புலன்கடந்த உளவியல், பின்னர்ப் பல்கலைக்கழகத்திலும் இடம்பெற்றது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் 1930களில் இவ்வினாவை எண்ணிக்கைக்கு உட்படுத்தினார். வட்டம், கூட்டற்குறி, அலைக்கோடுகள், சதுரம், விண்மீன் என்னும் ஐந்து குறிகளைத் தாங்கிய 25 அட்டைகளே அவர்தம் கருவி. குறியைக் காணாமலே கூறினும் சராசரியாக ஐந்து சரியாக அமையும். அதனினும் மிகுதியான விடைகளை அவர் சான்றாகக் காட்டினார். எனினும், சில அட்டைகளில் குறி பின்புறம் புலப்பட்டதைத் திறனாய்வாளர் சுட்டினர்; பிறர் செய்த சோதனைகள் பலவற்றில் அம்முடிவுகள் மீண்டும் கிட்டவில்லை.

1974இல் ரைனின் ஆய்வு நிலைய இயக்குநரே தரவுகளைத் திரித்தமையை உடன்பணியாற்றியோர் கண்டறிந்தனர். ரைன் அதனை மறைக்காது ஆய்விதழில் அறிவித்தார். வெற்றி முடிவுகளை மட்டும் தெரிந்தெடுத்து வெளியிடலாகாது என இத்துறையினரின் சங்கம் 1975இல் நெறி வகுத்தது. ஆர்தர் கோஸ்லரின் கொடையால் 1985இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இருக்கை அமைந்தது. சோதனைத் திட்டத்தை முன்கூட்டியே பதிவுசெய்யும் முறையை அங்குள்ள ஆய்வுப் பிரிவு 2012இல் தொடங்கியது.

புலன்கடந்த ஆற்றல் உண்டென்பதை அறிவியலாளருட் பெரும்பாலோர் இன்றளவும் ஏற்கவில்லை. ஆயினும், தன் பிழையைத் தானே தேடி வெளிப்படுத்துவதே ஆய்வுக்கு அடிப்படை என்பதை இவ்வரலாற்றினின்று நாம் கற்கிறோம். நம் மாணவர்க்கு முதலில் உணர்த்தத் தக்கதும் அதுவேயாகும்.