பாக்கம்

கடற்கரை மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்குப் போனால் நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம் என்று வரிசையாக வரும். வண்டலூர் தாண்டினால் ஊரப்பாக்கம். ஒரே தடத்தில் இத்தனை பாக்கங்கள். ஒன்றிலும் அலை இல்லை.

சங்க இலக்கியத்தில் பாக்கம் பெரும்பாலும் நெய்தல் நிலத்துச் சிற்றூர். மீன் உலர்த்துமிடம், உப்பு விற்குமிடம். நாளடைவில் பொருள் விரிந்து எந்த ஊருக்கும் ஆகிவந்தது. அதனால்தான் தொண்டைமண்டலத்தின் ஏரிக்கரைகளிலும் பாக்கங்கள் மண்டிக் கிடக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இன்று மாமல்லபுரம் கரையோரத்து மீனவர் ஊர்களுக்குக் குப்பம் என்ற பெயரே மிகுதி: சூளேரிக்காட்டுக்குப்பம் போல.

பெயர் நிலைக்கும், ஆட்சி நிலைக்காது. செம்பாக்கம் நகராட்சியும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம் பேரூராட்சிகளும் 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் கரைந்தன.

ஊரப்பாக்கமோ காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்து ஊராட்சியாக இருந்தபடியே அடுக்குமாடிகளால் நிரம்பியது. பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் இறுதியில் பேருந்து முனையம் திறந்தபின், மதுரைக்கும் நெல்லைக்கும் போகிறவர்கள் வாயிலும் ஒரு பாக்கம் ஏறிவிட்டது. நடத்துனர்களோ ‘கிளாம்பாக்கம், கிளாம்பாக்கம்’ என்று அடுக்குகையில் கடைசி ‘ம்’மை விழுங்கிவிடுகிறார்கள்.